ஓவியர் யாமினி ராய்

பழைய மாணவர் மலர்களிலே புலவர், சமயப் பெரியார், நாட்டுத் தொண்டர் ஆகியோரின் சரித்திரங்கள் இடம்பெறுவது வழக்கம். ஓவியர் ஒருவரின் சரித்திரத்துக்கு இவ்வேடுகளில் இடங் கிடைப்பது அரிது. சித்திரத்தைப் பாட அட்டவணையின் கடைசி வரிசையிலே வைத்துப் பழகியவர்களாகிய நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் சென்ற நூற்றாண்டில் இந்தியா ஈன்ற ஓவியருள் ஒருவருடைய வாழ்க்கை, சித்திரம் எழுதுவோர்க்கு மாத்திரமன்றித் தாம் கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்வது என்று எண்ணிப் பார்க்கும் எவருக்கும் பயன்படத்தக்கது என்று நாம் கருதுவதால், அதனை இங்கே எழுதத் துணிந்தோம். அவர் வங்காளத்து யாமினி ராய் ஆவர். நன்றாகக் கற்றுத் தேர்ந்த ஒரு வித்தையை, அதனாற் பொருளும் புகழும் வரத் தொடங்கிய வேளையிலே கைவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் படக்காரரிடம் மாணவராய்ப் போய் நின்றவர் அவர்.

கல்கத்தாவுக்கு மேற்கே, செம்மண் பூமியாகிய பாங்குரா மாவட்டத்திலே, பெலியாத்தோர் என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 11ஆந் திகதி யாமினி ராய் பிறந்தார். தந்தையார் ராமதரண ராய். நிலபுலம் உடைய குடும்பம். அம்மாவட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லாமல் இவர் வரலாற்றைத் தொடர இயலாது. மல்ல மன்னர்களின் தலைநகராக விளங்கிய விஷ்ணுபுரம் அங்கேதான் உளது. கருங்கல் அரிதான அந்நாட்டிலே பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மன்னர் செங்கல்லாற் கோயில்கள் எடுத்தனர்; சுவர்களிற் சுட்ட மண்பலகைகளைப் பதித்து, அவற்றிலே கண்ணன் லீலையையும் இராமாயண பாரதக் காட்சிகளையும் வேட்டைக்காரரையும் படகோட்டிகளையும் வரிசை வரிசையாகப் புடைத்தெழச் செய்தனர். பஞ்சமுரா என்னும் ஊர்க் குயவர் வனையும் நீண்ட கழுத்துடைய மண்குதிரைகளும் அம்மாவட்டத்தனவே. நம் நாட்டு ஐயனார் கோயிற் குதிரைகளைக் கண்டவர்க்கு அவற்றின் இனம் உடனே புலப்படும். காடுகளை அடுத்த சிற்றூர்களிலே சந்தாலர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். இவையெல்லாவற்றுக்கும் நடுவிலேதான் பட்டுவா என்போர் ஊரூராகத் திரிந்தனர். நீண்ட சுருட்படம் ஒன்றைத் தோளிலே கொண்டுசென்று, வீட்டு முற்றத்தில் அமர்ந்து, படத்தை மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாக அவிழ்த்து, விரலாற் சுட்டிக் கதையைப் பாட்டாகப் பாடி, அரிசியோ காசோ பெற்றுச் செல்வது அவர் தொழில். இந்துக் கடவுளரின் கதைகளைப் பாடும் இவர்களிற் பலர் மதத்தால் முஸ்லிம்கள் என்பது பலரும் அறியாத செய்தி.

அவ்வூர்க்காரர் இன்னொருவரையும் இங்கே நினைவுகூர்தல் தகும். வங்க மொழியின் மிகப் பழைய காவியங்களுள் ஒன்றாகிய ஸ்ரீகிருஷ்ண கீர்த்தனத்தின் ஏட்டுப்பிரதியை 1909இற் கண்டெடுத்து 1916இல் அச்சேற்றிய வசந்தரஞ்சன ராய் பெலியாத்தோரில் பிறந்தவரே. நம் தாமோதரம்பிள்ளையவர்களைப் போற்றும் நமக்கு அம்முயற்சியின் அருமை சொல்லாமலே விளங்கும். ஒரே சிற்றூர், பழைய ஏட்டைத் தேடிய ஒருவரையும் பழைய கோட்டைத் தேடிய ஒருவரையும் தந்திருக்கின்றது.

பதினாறாம் வயதிலே, 1903இல், யாமினி ராய் கல்கத்தா அரசினர் கலைக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்து அங்கே இரண்டு நீரோட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. கிரேக்கச் சிலைகளின் சாந்துப் பிரதிகளைப் பார்த்து ஒளியும் நிழலும் பிசகாமல் வரைந்து பழகுவதும், உயிருள்ள ஆளை முன்னிருத்தி எண்ணெய் வர்ணத்தில் உருவம் தீட்டுவதும் ஐரோப்பிய முறை. அதிபராயிருந்த ஹாவெல் என்னும் ஆங்கிலேயரோ, இந்திய மாணவர் இந்திய ஓவியத்தையே கற்றல் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவருக்குத் துணையாக 1905இல் அபனீந்திரநாத தாகூர் உப அதிபராக வந்தார். அஜந்தாவையும் மொகலாயச் சிற்றோவியங்களையும் முன்மாதிரியாகக் கொண்டு, மெல்லிய நீர்வர்ணத்திலே புராணக் காட்சிகளை எழுதும் வங்காளச் சித்திர மரபு அவராலே பிறந்தது.

இவ்விடத்திற் கொழும்பு வாசகர் ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ளலாம். அம்மரபின் தோற்றத்துக்கு அறிவுத் துணையாய் நின்றவர்களுள் ஒருவர் நம் கொழும்பிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வராகிய அவர், கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழில்களை ஆராய்ந்து மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை 1908இல் வெளியிட்டார். கைவினைஞன் தன் பெயரை நாட்டுவதற்காக அன்றி, ஊரார்க்கு வேண்டிய பொருளை மரபு வழுவாமற் செய்து கொடுப்பதற்காகவே வேலை செய்தான் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. யாமினி ராய் அவ்வுண்மையை நூலிற் கற்றாரோ அன்றோ, வாழ்க்கையிற் செய்து பார்த்தார்.

1908ஆம் ஆண்டளவிலே கல்லூரிப் படிப்பு முடிவுற்றது. அபனீந்திரரின் மாணவராயிருந்தும் யாமினி ராய் அவர் வழியை முற்றாகப் பற்றிக்கொள்ளவில்லை. அவர் கை ஐரோப்பிய முறையிலே மிக நன்றாகத் தேர்ந்திருந்தது. தலைப்பாகையணிந்த பிரபுக்களையும் வழக்கறிஞரையும் மறைந்துபோன பெரியவர்களையும் சாயல் வழுவாமல் எழுதித் தருவதிற் சமர்த்தர் என்று பெயர் பெற்றார். கல்கத்தாவிலே புதுப் பணக்காரர் வீட்டுக் கூடங்கள் யாவற்றிலும் அத்தகைய எண்ணெய்ப் படங்கள் தொங்கிய காலம் அது. ஐரோப்பிய ஓவியர் சிலரின் மாதிரியில் நிலக்காட்சிகளையும் அவர் எழுதினார். அப்படங்களிற் சில இன்றும் உள. அவற்றைப் பார்க்கும்பொழுது, இவர் இவ்வழியிலே சென்றிருந்தாலும் தாழ்ந்து போயிருக்க மாட்டார் என்றே தோன்றுகின்றது. ஆற்றாதவன் கைவிட்ட வித்தை அன்று அது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1920களின் தொடக்கத்திலே, அவர் மனம் மாறத் தொடங்கிற்று. பிறர் முகத்தைப் பிறர் கண்ணாற் பார்த்துப் பிறநாட்டு முறையில் எழுதிக் கொடுப்பது தமக்கு உரியதன்று என்ற எண்ணம் அவரை வருத்தியது. அதே வேளையில் அபனீந்திரர் கூட்டத்தாரின் மங்கலான நீர்வர்ணப் புராணக் காட்சிகளும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அரண்மனைச் சித்திரத்திலிருந்து பிறந்த அக்கலை, கற்றவர் சிலரின் ஏக்கத்தை மாத்திரம் பேசிற்று என்று அவர் கருதினார் போலும். முதலிலே அவர் எழுதியவை தம் மாவட்டத்துச் சந்தாலப் பெண்களின் உருவங்கள். தலையிற் பூச்சூடி நிற்பவளும், கூந்தல் முடிப்பவளும், பிள்ளையை இடுப்பிலே தாங்கியவளும் அப்படங்களிலே தோன்றுவர். பார்ப்பவர் கண்ணிலே நிழலும் ஒளியும் மெல்ல மெல்லக் குறைந்து, உருவம் ஒரு சில வளைகோடுகளுள் அடங்கி வருவதை அவற்றிற் காணலாம். நம் எண்ணத்தில் அவருடைய வாழ்நாட் படைப்புகள் எல்லாவற்றுள்ளும் இவையே உயிர்ப்பு மிக்கவை. வழி இன்னும் அகப்படாதவன் தேடிச் செல்லும் நடுக்கம் அவற்றில் உண்டு. பிற்காலப் படங்களில் அந்நடுக்கம் இல்லை.

அடுத்து அவர் கண் காளிகட்டத்துப் படங்களின்மீது சென்றது. கல்கத்தாவின் தெற்கே காளி கோயிலின் இப்போதைய கட்டடம் 1809இல் நிறைவெய்திய பின், யாத்திரிகர் பெருகினர். கிராமத்துப் பட்டுவாக்கள் பலர் வந்து கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலே குடியேறினர். சுருட்படம் அவிழ்த்துப் பாடி நிற்க நகரத்தாருக்கு நேரமில்லை. ஆகவே ஆலையிற் செய்த மலிவான கடதாசியிலே ஒற்றை உருவத்தை விரைந்து எழுதி ஓரிரு பைசாவுக்கு விற்கும் வழக்கம் ஏற்பட்டது. வீட்டார் கூடியிருந்து ஒருவர் கோடு வரைய, ஒருவர் உடலுக்கு நிறமிட, ஒருவர் ஆடைக்கரை தீட்டுவர். தூரிகையை எடுக்காமல் ஒரே வீச்சில் தோளிலிருந்து விரல்நுனி வரை வரும் கோடு அவர்களுடைய தனிச் சொத்து. காளியும் சிவனும் இலக்குமியும் எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. மனைவியிடம் துடைப்பத்தால் அடிபடும் நகரத்து மைனரையும், வாயில் இறாலைக் கவ்விய பூனையாகப் போலிச் சாமியாரையும் எழுதினர். 1873இல் தாரகேசுவரத்து மகந்தரைச் சம்பந்தப்படுத்தி வங்காளத்தையே கலக்கிய கொலை வழக்குக்கூட அவர் கையில் தொடர்படமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கல்லச்சுப் படங்கள் பெருகின. இரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயிலே தோன்றிற்று. வண்ணம் மினுங்கும் அச்சுப்படத்துக்கு முன் கையாலெழுதிய படம் விலைபோகாமல், 1930களிலே காளிகட்டத்து மரபு பெரும்பாலும் அவிந்துவிட்டது. அது அவிந்துகொண்டிருந்த தறுவாயிலேதான் யாமினி ராய் அதனிடம் வந்தார்.

விளக்குக்கரியைக் குழைத்துத் தூரிகை கொண்டு, நிறமே இல்லாமல், தாயும் பிள்ளையும் என்றாற் போன்ற பொருள்களை ஒரு சில கோடுகளால் அவர் எழுதிய படங்கள் இக்காலத்தன. ஆயினும் காளிகட்டத்திலே அவர் நிற்கவில்லை. நகரத்தை நாடி வந்ததனால் அக்கலையில் நகரத்தின் சாயல் படிந்துவிட்டது என்று உணர்ந்து, அதன் தாய்வீடாகிய கிராமத்துக்கே போனார். பாங்குராவின் சிற்றூர்களிலே சுற்றிப் பழைய படங்களைத் தேடிச் சேர்த்தார். பட்டுவாக்கள் எழுதுவதை அருகிருந்து கவனித்தார். மண்கோயிற் பலகைகளையும், பெண்கள் விரத நாளிலே அரிசிமாவால் முற்றத்திற் போடும் ஆல்பனா என்னும் கோலத்தையும், பிள்ளைகள் விளையாடும் மரப் பொம்மைகளையும் புதுக்கண்ணோடு பார்த்தார். எளிமை, ஊரார் எவர்க்கும் விளங்கும் தெளிவு, மண்ணோடு ஒட்டிய உரம் ஆகிய மூன்றையுமே அவர் அங்கே தேடினார் என்பர் அவரை அறிந்தோர்.

இத்தேடலுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. உருவப்படம் எழுதுவிக்க வருவோரை அவர் திருப்பியனுப்பத் தொடங்கியதும் வருமானம் அற்றது. வட கல்கத்தாவிற் பாக்பசார்ப் பகுதியிலே ஒடுங்கிய சந்தில் இருந்த வீட்டிற் குடும்பம் வறுமையுற்றது. அக்காலத்திலே விற்க முடியாத படங்களைத் தினந்தோறும் எழுதிக்கொண்டிருந்த மனிதரை அயலார் எவ்வாறு பார்த்திருப்பார் என்பதை ஊகித்தறிவது எளிது. பிள்ளை படித்து உத்தியோகமாகி, பிறகு அதை உதறினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் என்ன சொல்வர் என்பது நமக்குத் தெரியாததன்று.

1928இற் கலைக் கல்லூரியின் முதலாவது இந்திய அதிபராகப் பதவியேற்ற முகுல் தே, தாமும் காளிகட்டப் படங்களின் அருமையறிந்து சேர்த்தவர். அவரே 1929இல் யாமினி ராயின் புதிய படங்களைக் கல்லூரியிலே காட்சிக்கு வைத்தார். மெல்ல மெல்ல நகரம் திரும்பிப் பார்த்தது. 1930களின் நடுப்பகுதியில் அகில இந்தியக் கண்காட்சியொன்றில் இராசப்பிரதிநிதியின் பொற்பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1938இல், ஆங்கிலேயர் வர்த்தக நிலையங்கள் நிறைந்த பிரிட்டிஷ் இந்தியா தெருவிலே அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இந்திய ஓவியர் ஒருவருக்கு அத்தெருவில் நடந்த முதற் காட்சி அதுவே என்பர். சுதீந்திரநாத தத்தர், விஷ்ணு தே முதலான வங்கக் கவிஞர் அவருக்கு நண்பராயினர். விஷ்ணு தேயும் யோன் இர்வின் என்னும் ஆங்கிலேயரும் சேர்ந்து அவரைப் பற்றி எழுதிய நூல் 1944இல் வெளிவந்தது. யுத்த காலத்திற் கல்கத்தாவிலே நிறைந்திருந்த ஆங்கிலேய, அமெரிக்கப் படைவீரர் பலர் அவர் வீட்டை விசாரித்துச் சென்று படம் வாங்கினர். கிராமத்து முற்றத்திற் பிறந்த கோடு படைவீரர் மூட்டைகளிலே கடல் கடந்தது. 1946இல் இலண்டனிலும் 1953இல் நியூ யோர்க்கிலும் அவர் படங்களின் காட்சிகள் நடைபெற்றன. அவரோ இந்தியாவை விட்டு ஒருநாளும் வெளியே சென்றதில்லை.

அவர் வேலை செய்த முறையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். நம் மாணவருக்கு இதுவே பயன்தரும் பகுதி. கடையில் விற்ற சீமைத் துணித்திரையையும் குழாய்களில் அடைத்த எண்ணெய் வர்ணத்தையும் அவர் விலக்கினார். கைத்தறித் துணி, மரப்பலகை, தடித்த அட்டை, சுண்ணாம்பு பூசிய பாய் ஆகியவற்றிலே எழுதினார். பாயின் பின்னல் வரிகள் படத்தினூடே தெரிவதை அவர் மறைக்கவில்லை. அதனைப் படத்தின் அழகாகவே கொண்டார். கற்பொடி, வண்டல் மண், அவுரி நீலம், சுண்ணக்கட்டி என எளிதிற் கிடைப்பவற்றிலிருந்து நிறங்களை உண்டாக்கினார். நிறம் துணியிலே பற்றுதற்குப் புளியங்கொட்டைப் பசையைக் கலந்தார். செங்காவி, மஞ்சட்காவி, பச்சை, சாதிலிங்கச் சிவப்பு, சாம்பல், நீலம், வெள்ளை என்னும் ஏழு நிறங்களே பெரும்பாலும் அவர் படங்களில் உள. எல்லைக்கோட்டுக்கு விளக்குக்கரி. ஒவ்வொரு நிறமும் அதற்குரிய இடத்திலே தட்டையாக நிரப்பப்படும். ஒன்றோடொன்று கலந்து நிழலாகாது. ஆகவே உருவத்தின் திரட்சி முழுவதையும் கோடே தாங்க வேண்டும். எங்கே தடித்து எங்கே மெலிவது என்பதில் ஒரு மயிரிழை பிசகினாலும் தோள் தோளாய் இராது. பார்ப்பதற்கு எளிமையான இப்படங்களை எளிதென்று எண்ணிப் பிரதி செய்யப் புகுந்த எவரும் இதனை அறிவர். கலைக் கல்லூரியில் ஆண்டுக்கணக்காக மனித உடலைப் பார்த்து எழுதிய பயிற்சி இங்கே வீண்போகவில்லை; மறைந்து நின்று உதவிற்று.

கண்கள் மீன்போல நீண்டு, சில வேளை முகத்தின் எல்லையையும் கடந்து செல்லும். கருமணி இட்ட கண்ணும் உண்டு. இடாது வெறுமையாய் விட்ட கண்ணும் உண்டு. பொருளைப் பொறுத்தவரையிற் கண்ணனும் பலராமனும், கோபியர், யசோதை, மேளமடிக்கும் சந்தாலர், யானை, குதிரை, இறால் கவ்விய பூனை என்பன மீண்டும் மீண்டும் வரும். இயேசுநாதரின் வாழ்க்கையையும் அவர் பல படங்களிலே எழுதினார். தாம் இந்துவாயிருந்தும் அதனை எழுதியமைக்குக் காரணம் உண்டு: தம் வாழ்வோடு நேரே தொடர்பில்லாத தூரத்துப் பொருளையும் தாம் கண்ட கோட்டு முறை தாங்குமா என்று சோதித்துப் பார்க்க அவர் விரும்பினார். சிலுவையைச் சுமக்கும் அவ்வுருவங்கள் பாங்குராவிற் பிறந்தவர் போலவே இருக்கின்றன.

அவர் எழுதியவற்றுள் மிகப் பெரியது இராமாயணத் தொடர். 17 பெரும் படங்களாக அமைந்த அத்தொடரை 1940களிலே கல்கத்தாவின் பெயர்பெற்ற மிட்டாய் வணிகராகிய கே. சி. தாசின் புதல்வர் சாரதா சரண் தாஸ் எழுதுவித்தார். ரசகுல்லா விற்ற காசு இராமகதையாயிற்று என்று நம் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வான்மீகி முதலாகச் சீதை பூமியுட் புகுவது வரை, பட்டுவாவின் சுருட்படம் பல துண்டுகளாய் விரிந்தாற்போல அது செல்கின்றது. அனுமான் முதலிய வானரரும், பூக்களும் கொடிகளும் நிறைந்த ஓரங்களும் அத்தொடரில் மிக அழகானவை. அப்படங்கள் அக்குடும்பத்தார் இல்லத்திலேயே பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன.

இனி, யாமினி ராயைக் குறித்து அன்றும் இன்றும் நிகழும் வழக்கொன்றைச் சொல்ல வேண்டும். அவர் தம் படத்துக்குச் சொற்ப விலையே பெற்றார். நடுத்தர வீட்டாரும் சுவரிலே ஒரு நல்ல சித்திரத்தை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காக ஒரே படத்தைப் பலமுறை எழுதினார். பட்டுவா வீடுகளிற் போல மகன் அமியா முதலிய வீட்டாரும் உடனிருந்து உதவினர். கோடு ஒருவருடையது, நிறம் ஒருவருடையது, கையெழுத்து யாமினி ராய் என்று இருந்ததுண்டு. எது மூலம், எது பிரதி என்று கேட்டோர்க்கு அவர் அவ்வேறுபாட்டையே ஒப்புக்கொள்ளவில்லை. ஓவியன் ஒருவன் தன் தனிமுத்திரையைத் தானே அழித்துவிட்டான் என்று விமர்சகர் குறை கூறினர். அவருக்குப் பின் போலிப் படங்கள் மலிந்ததற்கும் இதுவே வாய்ப்பாயிற்று.

நம் கருத்தை ஒளியாமற் கூறுவதானால், இரு பக்கத்திலும் உண்மை உண்டு. 1950களுக்குப் பின் எழுந்த படங்களிற் பல, அச்சிலே வார்த்தன போலச் செத்துக் கிடக்கின்றன என்பதை மறைப்பதிற் பயனில்லை. கை பழகிப் போனால் மனம் தூங்கிவிடும். ஆயினும் ஒரே படத்தை நூறு முறை எழுதுதல் குற்றமென்றால், தலைமுறை தலைமுறையாக ஒரே நடராச வடிவத்தை வார்த்த ஸ்தபதிகளை என்னென்பது? நம் யாழ்ப்பாணத்துக் கோயில் வாகனங்களுக்கும் தேர்களுக்கும் வர்ணம் தீட்டினோரின் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா? குமாரசுவாமி எடுத்துரைத்த பழைய கைவினைஞனின் ஒழுக்கத்தை, கையெழுத்துக்கு விலைபேசும் நகரச் சந்தையின் நடுவில் ஒருவர் கைக்கொள்ள முயன்றார். சந்தை அவரை விடவில்லை. அவருடைய எண்ணம் முழுதும் நிறைவேறவுமில்லை. மலிவாக விற்ற படங்களை வாங்கினோர் பெரும்பாலும் கற்ற கனவான்களும் வெளிநாட்டாரும். பாங்குராவின் மண்வீட்டுச் சுவரை அவை சென்றடைந்ததாகச் சொல்வதற்கில்லை. அவருக்குக் கோட்டைக் காட்டிக்கொடுத்த பட்டுவாக்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம்.

இவ்வகையில் நினைத்துப் பார்க்கும்பொழுது, எல்லார் வீட்டுக்கும் படம் கொண்டு சேர்த்த ஓவியர் தமிழ்நாட்டிலே இருந்தார் என்பது புலப்படும். 1898இல் மயிலாப்பூரிற் பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியிலே கற்று, நாடகக் கம்பனிக்குத் திரை எழுதி, இறுதியிற் கோவிற்பட்டியில் தங்கிய கொண்டைய ராஜு, தம் மாணாக்கருடன் எழுதிய முருகன், இலக்குமி, மீனாட்சி கலியாணப் படங்கள் சிவகாசியிலே அச்சாகி, நாட்காட்டியாகத் தமிழர் வாழும் நாடெங்கும் பரவின. செட்டித்தெருக் கடைகளிலும் வெள்ளவத்தை வீட்டுச் சுவாமியறைகளிலும் கண்ணாடியிட்டுப் பொட்டு வைக்கப்பட்ட படங்களிற் பல அவர் வழியில் வந்தனவே. அவர் 1976இல் மறைந்தார். யாமினி ராய் விரும்பியதை அச்சு யந்திரம் அவருக்குச் சாத்தியமாக்கியது. பட்டுவாவை அழித்ததும் அவ்வியந்திரமே. இருவரையும் ஒப்பிட்டு நம் மாணவர் எவரேனும் விரிவாக எழுதுவாராயின் மகிழ்வோம்.

நம் இலங்கையிலும் அதே காலத்து இக்கேள்வி எழுந்திருந்தது. களனி விகாரையின் புதிய மண்டபச் சுவர்களிலே 1930கள் முதலாகச் சோலியஸ் மெண்டிஸ் பழைய சிங்கள மரபைத் தழுவி எழுதினார். பொரளைக் கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் தம் வன்மையான கோட்டினாற் புத்தர் சரிதத்தை எழுதினார். கோதமி விகாரை நம்மிற் பலருக்குப் பஸ் வண்டியிற் சிறிது நேரப் பயணமே. யாமினி ராயின் படங்களைப் பார்த்தபின் ஒரு முறை அங்கே சென்று வருவோர், கோடு என்னும் ஒரே கருவியை இருவர் எவ்வளவு வேறாகக் கையாண்டனர் என்பதைக் கண்டுகொள்வர்.

பிற்கால வாழ்க்கை அமைதியாகக் கழிந்தது. 1949 முதல் தென் கல்கத்தாவிற் பாலிகஞ்சிலே தாம் கட்டிய வீட்டில் வசித்தார். கதர் வேட்டியும் மேலாடையும் தரித்துத் தரையிலமர்ந்து எழுதுவார். கீழ்த்தள அறைகளிலே படங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். வருவோர் பார்த்து வேண்டியதை எடுத்துச் செல்வர். இந்திய அரசு 1954இற் பத்மபூஷண் விருது அளித்தது. 1955இல் லலித் கலா அக்கடமி தன் உயர்ந்த உறுப்புரிமையைக் கொடுத்தது. 1972ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 24ஆந் திகதி, 85ஆம் வயதில், அவர் கல்கத்தாவிற் காலமானார்.

அவர் மறைந்த சில ஆண்டுகளில் இந்திய அரசு அவர் படங்களை நாட்டின் கலைச் செல்வமாகப் பிரகடனஞ் செய்தது. இரவிவர்மா, தாகூர் குடும்பத்தார் மூவர், நந்தலால் வசு, அமிர்தா செர்கில் முதலிய ஒரு சிலருக்கே அச்சிறப்பு உண்டு. அச்சட்டத்தின்படி அவர் படங்களை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோதல் ஆகாது. சில ரூபாவுக்கு விற்ற படங்கள் இக்காலத்து ஏலங்களிலே கோடி ரூபாவைக் கடந்து செல்கின்றன. பாலிகஞ்சு வீட்டை 2023இல் ஒரு கலை நிறுவனத்தார் வாங்கி, அதனை அவருடைய நினைவு நூதனசாலையாக்க முற்பட்டனர்.

விடுமுறையில் இந்தியா செல்லும் நம் பழைய மாணவர், திருத்தல யாத்திரையோடு ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு, புதுதில்லியில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்துக்குச் செல்வாராயின் அவர் படங்களிற் பலவற்றை ஒருங்கே காணலாம். இலண்டனில் வாழ்வோர்க்கு விக்டோரியா அல்பேட் நூதனசாலையிலே அவருடைய படங்களும், அவற்றுக்குத் தாயாகிய காளிகட்டப் படங்களும் உள. இயலுமாயின் காளிகட்டப் படங்களை முதலிற் பார்த்துவிட்டுப் பின்பு அவர் படங்களுக்கு வருதல் நன்று.